நீண்ட கச்சேரி கேட்க எந்தப் பிளேயர்? பழைய ஐபாட் கிளாசிக் இன்னும் வாங்கலாமா?

பதிவு 1 | வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காக ஒரு மியூசிக் பிளேயர் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்பது முழுக்க முழுக்கக் கர்நாடக சங்கீதக் கச்சேரிகள். கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றியவை ஒரு பக்கம், சிடியிலிருந்து எடுத்தவை ஒரு பக்கம், மொத்தம் 90 ஜிபி பக்கம் வரும். கேசட் கச்சேரிகள் இரண்டு மணி, இரண்டரை மணி நேரம் ஓடும் ஒரே எம்பி3 கோப்புகள். சிடி எல்லாம் ஃப்ளாக், அதாவது தரம் குறையாமல் சுருக்கி வைக்கும் கோப்பு வகை.

போனிலேயே கேட்கலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தார். ஆலாபனை களைகட்டும் நேரத்தில் ஓர் அழைப்பு வந்தால் அதோடு மனசு விட்டுப்போகிறது. தவிர, அவர் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு கேட்பவர். கண்ணாடியைத் தேடி, திரையைத் திறந்து, பட்டனைக் கண்டுபிடித்து அழுத்துவதற்குள் தூக்கமே போய்விடும்.

ஒரு கடையில் ஆப்பிளின் பழைய ஐபாட் கிளாசிக் நல்ல நிலையில் இருக்கிறது என்றார்கள். இன்றைக்குப் போய் அதை வாங்கலாமா? வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

பதிவு 2 | மின்மினி

புதிதாகவே வாங்குங்கள். சோனியின் என்டபிள்யூ-ஏ306 வாக்மேன் 2023 ஜனவரியில் வந்தது. ஃப்ளாக் நேரடியாக ஓடும், மெமரி கார்டு போடலாம், ஒரு முறை சார்ஜ் செய்தால் சிடி தரத்து ஃப்ளாக் 36 மணி நேரம் என்று சோனியே கணக்குக் கொடுக்கிறது. பக்கவாட்டில் நிஜமான பட்டன்கள் உண்டு. சிம் கார்டு கிடையாது, அதனால் அழைப்புத் தொல்லையும் கிடையாது. உள்ளே ஆண்ட்ராய்டு 12 இருப்பதால் வேண்டிய செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.

பதினைந்து, இருபது வருடம் பழைய பேட்டரியோடு மல்லுக்கட்டுவது எதற்கு?

பதிவு 3 | செம்பருத்தி

வைகைக்கரை, பழைய பிளேயர்களைத் திறந்து பேட்டரியும் டிஸ்க்கும் மாற்றித் தருவது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மின்மினி சொன்ன சோனி நல்ல பிளேயர், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன் உங்கள் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். என் கணக்கில் மூன்றே விஷயம்தான். ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடுவில் மௌனம் விழக் கூடாது. நிறுத்திய இடத்திலிருந்து மறுநாள் தொடர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே இயக்க முடிய வேண்டும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று ஒலித் துல்லியம் பற்றிப் பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்த மௌனம் ஏன் விழுகிறது என்றால், எம்பி3 கோப்பு ஒலியைத் துண்டு துண்டாகத்தான் சேமிக்கும். ஒரு துண்டில் 1152 ஒலி மாதிரிகள். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் என்பதால், ஒரு துண்டு சுமார் 26 மில்லி நொடி. பாட்டு துண்டின் நடுவில் முடிந்தால் மீதியை வெறுமையால் நிரப்புவார்கள். தொடக்கத்திலும் கொஞ்சம் வெறுமை சேரும். எவ்வளவு சேர்த்தோம் என்பதை லேம் போன்ற, எம்பி3 உருவாக்கும் நல்ல மென்பொருள்கள் கோப்பின் தலைப்பகுதியிலேயே குறித்து வைக்கும். பிளேயர் அதைப் படித்து அந்த அளவை வெட்டி எறிய வேண்டும், அடுத்த டிராக்கையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். ஃப்ளாக்கில் இந்த நிரப்பல் கிடையாது. ஆனாலும் அடுத்த கோப்பைத் தயாராக வைக்காத பிளேயரில் அதுவும் விக்கும். மலிவான பிளேயர்கள் பல இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன.

ஐபாடுக்கே இந்த வசதி 2006 செப்டம்பரில்தான் வந்தது, கணினியிலிருந்து ஐபாடுக்குப் பாட்டு ஏற்றும் ஆப்பிளின் மென்பொருளான ஐடியூன்ஸ் 7 வெளியானபோது. அதற்கு முந்தைய தலைமுறைகளை ஆப்பிளின் மென்பொருளோடு பயன்படுத்தினால் இடைவெளி கேட்கும்.

பதிவு 4 | நாதவெளி

செம்பருத்தி அக்கா சொன்னதை நூறு முறை ஆமோதிக்கிறேன். சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது, ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று வருகிறது, அவ்வளவுதான். கச்சேரி சிடியில் ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஒரு டிராக் என்று பிரித்திருப்பார்கள். பாடுகிறவர் நிறுத்தவே மாட்டார். தம்பூரா அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த சுருதி அரை நொடி அறுந்து மறுபடி தொடங்கினால் உடம்பே தூக்கிப்போடும். பல்லவியிலிருந்து தனிக்கு மாறும் இடத்தில் விழுந்தால் தாளம் போடும் கை நின்றுவிடுகிறது.

கடையில் சோதிக்க விரும்பினால் இப்படி ஒரு ஆல்பத்தைக் கார்டில் போட்டு எடுத்துப் போங்கள். தானம் முடிய பத்து நொடி இருக்கும்போது ஓடவிட்டுக் கேளுங்கள். தெரிந்துவிடும்.

பதிவு 5 | வைகைக்கரை

அக்கா, நாதவெளி, இருவருக்கும் நன்றி. இந்த இடைவெளி விஷயத்தை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். கோப்பில்தான் கோளாறு என்று நினைத்திருந்தோம்.

அப்படியானால் ஐபாடில் எந்த மாடல்? கடைக்காரர் எல்லாவற்றையும் "கிளாசிக்" என்கிறார்.

பதிவு 6 | செம்பருத்தி

கடைகளில், முன்பக்கம் கட்டைவிரலால் சுற்றும் சக்கரம் வைத்த எல்லா ஐபாடுமே கிளாசிக்தான்! ஆப்பிள் அந்தப் பெயரை வைத்தது 2007 செப்டம்பரில். அதற்கு முன் அது வெறும் ஐபாட். 2005 அக்டோபரில் வந்த ஐந்தாம் தலைமுறையை, படம் ஓட்டும் என்பதால், ஐபாட் வீடியோ என்பார்கள். 2006 செப்டம்பரில் அதையே வெளிச்சமான திரையோடு புதுப்பித்து 30 ஜிபி, 80 ஜிபி என்று இரண்டு அளவில் விட்டார்கள். அதை 5.5 என்று சொல்வது வழக்கம். 2007-ல் கிளாசிக் 80, 160 ஜிபியில் வந்தது. 2008-ல் 120 ஜிபி, 2009-ல் மெல்லிய உடம்போடு 160 ஜிபி. அது 2014 செப்டம்பர் 9 வரை விற்பனையில் இருந்தது. உதிரிபாகங்கள் இனி எங்கும் கிடைப்பதில்லை என்பதுதான் நிறுத்தியதற்கு அன்று ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் சொன்ன காரணம்.

உங்களுக்கு என் சிபாரிசு 5.5. முன்பக்கம் பிளாஸ்டிக் என்பதால் மெல்லிய நெம்புகோல் வைத்துப் பக்குவமாகத் திறக்கலாம். கிளாசிக்கின் முன்பக்கம் அலுமினியம், கொக்கிகள் முரட்டுத்தனமாகப் பிடித்திருக்கும், திறக்கும்போது விளிம்பு வளைந்துவிடும் அபாயம் உண்டு. ஒரு முறை திறந்தால் போதாது, பேட்டரி சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள். அதனால் திறக்க வருகிற உடம்பு முக்கியம்.

உள்ளே இருப்பது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். இத்தனை வருடம் ஆன டிஸ்க்கை நம்பி அப்பாவின் சேமிப்பை வைக்காதீர்கள். அதை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு பொருத்தும் சிறு பலகை கிடைக்கிறது, ஐஃப்ளாஷ் என்ற பெயர் பிரபலம். அதே நாடா இணைப்பில் செருகலாம். எடை குறையும், டிஸ்க் சுழலும் சத்தமும் நடுக்கமும் போய்விடும், மின்சாரமும் மிச்சம். கார்டு மெல்லியது என்பதால் மிஞ்சும் இடத்தில் பெரிய பேட்டரி வைக்கிறவர்களும் உண்டு.

டிஸ்க் காலத்திலேயே ஆப்பிள்காரர்கள் அதை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கையாண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிஸ்க் எந்நேரமும் சுழல்வதில்லை. கொஞ்ச நேரம் சுழன்று, வரப்போகும் பாட்டுகளை நினைவகத்தில் கொட்டிவிட்டு நின்றுவிடும். பாட்டு நினைவகத்திலிருந்துதான் ஓடும். 2001-ல் வந்த முதல் ஐபாடிலேயே 32 எம்பி நினைவகம். 5.5-ல் 30 ஜிபி மாடலுக்கு 32, 80 ஜிபி மாடலுக்கு 64 எம்பி. ஆயிரக்கணக்கில் கோப்பு ஏற்றப்போகிறீர்கள் என்றால் 64 எம்பி உள்ளதைத் தேடுங்கள். பின்பக்கம் தடிமனாக இருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

வாங்கும்போது முன்பக்கம் மேலெழும்பி இருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பாருங்கள். எழும்பியிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது. அதை அழுத்தவும் கூடாது, குத்தவும் கூடாது. குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

பதிவு 7 | ஒலிவாணன்

5.5 என்றால் இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முதல் காரணம். அதில் இருப்பது வுல்ஃப்சன் கம்பெனியின் ஒலிச் சில்லு. கிளாசிக்கில் சிரஸ் லாஜிக்குக்கு மாறிவிட்டார்கள். வுல்ஃப்சனில் வீணையின் மீட்டு கேட்டுப் பாருங்கள், அந்த நாதத்தின் நிறைவு கிளாசிக்கில் வராது. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

பதிவு 8 | கணக்கன்

ஒலிவாணன், உங்கள் ரசனையை மதிக்கிறேன். ஆனால் ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் கருவி வைத்துச் சமப்படுத்தினீர்களா? ஒன்று கொஞ்சம் உரக்கப் பாடினாலே காது அதைத்தான் நிறைவு என்று எடுத்துக்கொள்ளும். அரை டெசிபல், ஒரு டெசிபல் வித்தியாசம் போதும். எது ஓடுகிறது என்று தெரியாமல் இன்னொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டால்தான் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு.

இன்னொன்று, இங்கே கேட்கப்போவது பாதி கேசட் பதிவு. சிடி தரமான 16 பிட் ஒலியில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் இருக்கிறது. கேசட்டின் இரைச்சல் அதற்கு வெகு மேலே உட்கார்ந்திருக்கும். அந்தப் பதிவில் எந்தச் சில்லும் புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்காது. காசை ஹெட்போனில் போடுங்கள், அங்கேதான் வித்தியாசம் காதில் விழும்.

பதிவு 9 | ஒலிவாணன்

கேசட் பற்றிச் சொன்னது சரி. சிடி பதிவுகளில் என் கருத்தில் மாற்றமில்லை. அப்பா வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாரா? அப்படியானால் ஹெட்போன் துளையிலிருந்து எடுக்காதீர்கள். அடியில் உள்ள 30 ஊசி இணைப்பில் தனியாக ஒலி வெளியீடு இருக்கிறது. அதற்கான கம்பியோ, ஐபாடைச் செருகி நிறுத்தும் டாக்கோ வாங்கி ஆம்ப்ளிஃபயரில் கொடுங்கள். ஐபாடின் உள் பெருக்கியைத் தாண்டி வருவதால் தெளிவாக இருக்கும். இதைக் கணக்கனும் மறுக்க மாட்டார்.

பதிவு 10 | கணக்கன்

மறுக்க மாட்டேன். டாக் நல்ல யோசனை, சார்ஜும் அதிலேயே ஏறும்.

பதிவு 11 | வைகைக்கரை

ஒரு சந்தேகம். ஃப்ளாக் ஐபாடில் ஓடாது என்கிறார்களே? பாதி ஃப்ளாக் வைத்திருக்கிறேன்.

பதிவு 12 | செம்பருத்தி

ஆப்பிளின் சொந்த மென்பொருளில் ஓடாது. எம்பி3, ஏஏசி, ஆப்பிள் லாஸ்லெஸ், வேவ், ஏஐஎஃப்எஃப் போன்ற கோப்பு வகைகள்தான். உங்களுக்கு இரண்டு வழி.

ஒன்று, ஃப்ளாக்கை ஆப்பிள் லாஸ்லெஸாக மாற்றுவது. இரண்டுமே இழப்பில்லாத முறை என்பதால் தரம் துளியும் குறையாது, வேண்டுமானால் பின்னால் திருப்பியும் மாற்றலாம். ஐடியூன்ஸ் வழியாக ஏற்றுங்கள். நீளக் கச்சேரிக் கோப்பைத் தேர்ந்தெடுத்து அதன் விவரப் பக்கத்தில் விருப்பங்கள் பகுதிக்குப் போனால், நிறுத்திய இடத்தை நினைவில் வைக்கச் சொல்லும் கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டால் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரும். கலைத்துப் போடும்போது இதைத் தவிர்த்துவிடு என்று சொல்லும் கட்டமும் பக்கத்திலேயே உண்டு, அதையும் டிக் செய்யுங்கள்.

இரண்டாவது வழி ராக்பாக்ஸ். ஆப்பிள் மென்பொருளுக்குப் பதிலாக ஓடும் திறந்த மூல மென்பொருள். 2001-ல் ஆர்க்கோஸ் கம்பெனியின் பிளேயர்களுக்காக ஸ்வீடனில் சிலர் தொடங்கியது, பிறகு ஐபாட் உட்படப் பல பிளேயர்களுக்குப் பரவியது. ஃப்ளாக், ஆக், ஓபஸ் என்று பல கோப்பு வகைகளும் ஓடும். ஐடியூன்ஸ் தேவையே இல்லை, கணினியில் செருகி ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போட்டால் போதும். ஆப்பிள் முறையில் ஏற்றினால் கோப்புகள் நான்கெழுத்துப் பெயர்களோடு மறைந்த ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும். ராக்பாக்ஸில் நீங்கள் வைத்த பெயர், நீங்கள் வைத்த ஒழுங்கு அப்படியே தெரியும். பாடகர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் சபா, ஆண்டு என்று அப்பா ஏற்கெனவே அடுக்கி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

போடுவதற்கு முன் ஐபாடை விண்டோஸ் கணினியில் ரீஸ்டோர் செய்யுங்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள். மேக்கில் செய்தால் வேறு கோப்பு முறைமையில் அமையும், ராக்பாக்ஸுக்கு அது படிக்காது. பழைய ஆப்பிள் மென்பொருளும் உள்ளேயே இருக்கும், ஆன் ஆகும் நேரத்தில், மற்ற பட்டன்களைப் பூட்டும் ஹோல்டு பட்டனைத் தள்ளினால் அதற்குப் போகலாம்.

பதிவு 13 | நாதவெளி

ராக்பாக்ஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேசட் பதிவுகளில் பெரிய பிரச்சினை சுருதி. மாற்றிய டெக் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் கச்சேரி முழுக்க ஏறிக் கேட்கும். வேகம் ஆறு சதவீதம் கூடினாலே ஒரு கட்டை சுருதி ஒன்றரைக் கட்டை ஆகிவிடும். குரல் மெலிந்து, வேகமாக உருட்டும் பிருகாக்கள் எல்லாம் பதற்றமாக ஒலிக்கும். ராக்பாக்ஸில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தோ தனித்தனியாகவோ மாற்றும் திரை இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறிது சிறிதாக இறக்கி, பாடகரின் இயல்பான கட்டைக்குக் கொண்டுவரலாம். பழைய பதிவு ஒன்று சொந்தக் குரலுக்குத் திரும்பும் அந்தக் கணம் பெரிய சந்தோஷம். விலை உயர்ந்த பிளேயர்களில் நான் இதைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், காணோம்.

பாட்டு கற்கும் பிள்ளைகளுக்கும் இது வரப்பிரசாதம். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்து, ஒரு வரியை மாற்றிப் பாடும் சங்கதியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

பதிவு 14 | பனங்காடு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நானும் ராக்பாக்ஸ்தான் பாவிக்கிறேன், ஆனால் ஐபாடில் இல்லை, சான்டிஸ்க் கிளிப் பிளஸில். 2009-ல் வந்த சின்னப் பிளேயர், சட்டைப்பையில் கொளுவிக்கொண்டு போகலாம். மைக்ரோ எஸ்டி கார்டு போட இடம் உண்டு, எஃப்எம் ரேடியோவும் உண்டு. ஐபாட் கிளாசிக்கில் ரேடியோ இல்லை. எனக்குக் கோயில் திருவிழா நாட்களில் நாதஸ்வரக் கச்சேரி ஒலிபரப்பைக் கேட்க ரேடியோ கட்டாயம் வேண்டும். ஒரே குறை திரை. மிகவும் சின்னன். வயதானவர்களுக்கு எழுத்து வாசிக்கக் கஷ்டமாக இருக்கும்.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் பற்றி யாரும் சொல்லவில்லை. ராக்பாக்ஸில் தமிழ் எழுத்துரு போட்டாலும் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதி இல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். "கே" என்பதில் முதலில் க வரும், பிறகு கொம்பு வரும். பழகினால் வாசிக்கலாம், அப்பாவுக்கு அது எரிச்சலாக இருக்கும். நான் ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றிவிட்டேன். இத்தனை மொழிக்காரர் சேர்ந்து செய்த மென்பொருளில் தமிழுக்கு இது இன்னும் வராதது எனக்குப் பெரிய வருத்தம். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் யாராவது இதில் கை வைத்தால் நல்லது.

பதிவு 15 | மின்மினி

அந்த இடத்தில் சோனி ஜெயிக்கிறது. ஆண்ட்ராய்டு என்பதால் தமிழ் அழகாகவே தெரியும். சுருதி மாற்றும் செயலிகளும் உண்டு, பக்கத்திலுள்ள பட்டன்கள் திரை அணைந்திருந்தாலும் வேலை செய்யும்.

பதிவு 16 | செம்பருத்தி

நியாயமான வாதம், மின்மினி. எழுத்துதான் முக்கியம் என்றால் சோனியையே வாங்கட்டும். எனக்கு இருக்கும் ஒரே தயக்கம், கச்சேரியைத் தேர்ந்தெடுக்க அங்கே தொடுதிரைக்குத்தான் போக வேண்டும். சக்கரத்தில் கட்டைவிரலைச் சுற்றினால் பட்டியல் நகரும், வேகமாகச் சுற்றினால் வேகமாக ஓடும், ஒவ்வொரு வரிக்கும் டிக் டிக் என்று உள்ளிருக்கும் சிறு ஒலிப்பான் சத்தம் கொடுக்கும். தமிழ் உடைந்தாலும், மூன்றாவது ஃபோல்டர், ஐந்தாவது கச்சேரி என்று எண்ணிக்கொண்டே இருட்டில் போய்விடலாம். மேலே ஹோல்டு பட்டனைத் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனால் கை பட்டு எதுவும் மாறாது. வயதானவர்கள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்வதை என் கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

பதிவு 17 | பழைய_நாடா

இளைஞர்களுக்காக ஒரு வரலாற்றுக் குறிப்பு. ஐபாட் முதல் பிளேயர் இல்லை. 1998-ல் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் விட்டது, 32 எம்பி, அதில் ஒரு ராகம் தானம் பல்லவியே முழுதாக அடங்காது. அதே ஆண்டில் அமெரிக்காவில் டயமண்ட் ரியோ வந்தது. பாட்டுக் கம்பெனிகளின் சங்கம் அதைத் தடுக்க வழக்குப் போட்டது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவின் பக்கம் தீர்ப்பளித்தது. சொந்தமாக வைத்திருக்கும் பாட்டை வேறிடத்தில் எடுத்துப்போய்க் கேட்பதில் தவறில்லை என்பது அந்தத் தீர்ப்பில் தெளிவானது. அந்த வழக்கில் ரியோ தோற்றிருந்தால் ஆப்பிள் 2001 அக்டோபரில் 5 ஜிபி ஐபாடை 399 டாலருக்குக் கொண்டுவந்திருக்குமா என்பதே சந்தேகம்.

பதிவு 18 | வைகைக்கரை

எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தமிழ் உடைவது பரவாயில்லை, பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது என்கிறார். சுருதி இறக்கலாம் என்ற பதிவை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். 80 ஜிபி 5.5 பார்க்கப் போகிறேன். கடைசியாக ஒன்று, 128 ஜிபி கார்டு போதுமா? கார்டை எப்படித் தயார் செய்வது?

பதிவு 19 | கணக்கன்

தாராளமாகப் போதும். சிடி தரத்து ஃப்ளாக் ஒரு மணி நேரத்துக்கு 300 முதல் 400 எம்பி, 256 கிலோபிட் எம்பி3 ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 115 எம்பி. உங்கள் 90 ஜிபி போக, ஃப்ளாக்காகவே இன்னும் தொண்ணூறு மணி நேரத்துக்குக் குறையாமல் சேர்க்கலாம்.

பதிவு 20 | செம்பருத்தி

32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் கடையிலிருந்து வரும்போது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில் இருக்கும். ஐபாடில் பொருத்திய பிறகு ஐடியூன்ஸில் ரீஸ்டோர் கொடுங்கள், அதுவே ஃபேட்32 என்ற முறைமைக்கு மாற்றிவிடும். அதன் பிறகுதான் ராக்பாக்ஸ். கார்டைப் பெயர்பெற்ற கம்பெனியாகப் பார்த்து, ரசீது தருகிற கடையில் வாங்குங்கள். போலிக் கார்டில் பாதிக்கு மேல் ஏற்றும்போது கோப்புகள் கெட்டுப்போகும், அதுவரை தெரியவே தெரியாது. ஏற்றுவதற்கு முன் கார்டின் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள் ஒன்றை ஓடவிடுங்கள்.

மூலக் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு படி எடுத்து வையுங்கள். கேசட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம்.